அப்பாவின் இடுப்பில் இருக்கும் சுவிட்ச்

அன்பு மகள் கெல்சிக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே எல்லாரும் சுகம், குளிர் வந்ததும் உன் அப்பாவின் முழங்கால் வழக்கம்போல் முனக ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ ஜப்பானில், அந்த ஒகினாவாத் தீவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஆஸ்பத்திரியில் உன்னை விட்டால் ஆளே இல்லை என்பதுபோல் ஓடிக்கொண்டிருக்காதே. தபாலில் போட்டால் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து ஊரே அடங்கிய பிறகுதான் உன் கைக்கு வரும், அதனால் கணினியில் ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் உன் தம்பி காரெட்டைப் பற்றியது. கல்லூரி ஃபுட்பால் அணியின் தடுப்பு ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அப்பா இந்த வருஷம் அவன் கையில் கொடுத்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை என்று உனக்கே தெரியும். போன சனிக்கிழமை எதிரணிக்கு நாற்பத்திரண்டு புள்ளி வாரிக் கொடுத்துவிட்டு நின்றோம். எனக்குப் பின்வரிசையில் டிராக்டர் கடை டுவேன் உட்கார்ந்திருந்தான், சில்லி சூப்பைக் குடித்துக்கொண்டே, "அப்பன் தலைமைக் கோச்சா இல்லேன்னா இவனை ஹைஸ்கூல்ல தண்ணி குடுக்கக்கூட சேத்திருக்க மாட்டாங்க" என்றான், நான் இருப்பது தெரிந்துதான் சொன்னான். கோச்சுகளின் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் நானும் திரும்பவில்லை, ஆனால் கையிலிருந்த சினமன் ரோல் கசங்கிப்போயிற்று. மறுநாள் காலையில் காரெட் வீட்டுப் புல்வெளியில் எவனோ 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகையை நட்டுவைத்திருக்கிறான், ஊரை விட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஷெல்பிதான் முதலில் பார்த்து, காரெட் எழுந்திருப்பதற்குள் பிடுங்கி கராஜில் போட்டிருக்கிறாள், நல்ல பெண்டாட்டி அவனுக்கு. திங்கட்கிழமை விளையாட்டுத் துறைத் தலைவர் ஹாலிஸ் அப்பாவைக் கூப்பிட்டு, வரும் சனிக்கிழமை நடக்கும் இந்த வருஷத்துக் கடைசி ஆட்டமும் இப்படியே போனால் காரெட்டை அனுப்பிவிட வேண்டும், அதையும் அப்பாதான் வாயால் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் இரண்டு பேருமே கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்.

நான் பெற்ற பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை கெல்சி, இத்தனை வருஷம் அந்தப் பலகை இருக்கையில் உட்கார்ந்து தேய்ந்தவள் சொல்கிறேன், நம் பையன்கள் மோசமில்லை. முன்வரிசை மலைபோல் நிற்கிறது. பந்தை முன்னால் கொண்டுபோக எதிராளிக்குக் கிடைக்கும் முதல் முயற்சி, இரண்டாவது முயற்சி வரை அவனை ஒரு கெஜம் நகர விடுவதில்லை. மூன்றாவதில்தான் எல்லாம் குட்டிச்சுவராகிறது. காரெட் மைதானத்து மாடியில் கண்ணாடி அறையிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று கீழே ஓரக்கோட்டுக்குச் சொல்லியனுப்புவது வந்து சேர்வதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது, பையன்கள் ஓரக்கோட்டைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள், எதிரணிக்காரன் அவர்கள் நடுவே கடைவீதிக்குப் போவதுபோல் நடந்து போகிறான். சின்ன வயசில் பட்டென்று பதில் சொல்கிற பிள்ளை, இவனுக்கு ஏன் இந்தத் தயக்கம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் என்னோடு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா வேறு அறையில் இருந்தார். அப்போதுதான் மெதுவாகச் சொன்னான். "ஒவ்வொரு மூணாவது முயற்சிக்கும் ஹெட்செட்ல அப்பாகிட்ட கேக்கறேம்மா. பசங்க பாஞ்சு போகட்டுமா, பின்னால நிக்கட்டுமான்னு. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். நான் தோக்கறத சும்மா கேட்டுக்கிட்டு நிக்கறார்." எனக்கு உன் அப்பா மேல் வந்த கோபத்தில் அன்று அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. மறுநாள் ஹாலிஸைப் பார்த்துவிட்டு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் தானாகவே ஆரம்பித்தார். ஆட்டத்தின்போது ஓரக்கோட்டில் நிற்கையில் ஹெட்செட்டுக்கென்று இடுப்பில் ஒரு பெட்டி மாட்டியிருப்பாரே, அதில் சுவிட்சை முன்னால் தள்ளினால் தாக்கும் அணியின் பேச்சு, பின்னால் தள்ளினால் தடுக்கும் அணியின் பேச்சு. "ஆகஸ்ட்லேர்ந்து ஒரு தடவகூட அவன் பக்கம் திருப்பல லொரெய்ன். அவன் பேச்சு காதுல விழுந்தா வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன். இது அவன் அணின்னு ஊர் சொல்லணும்." பெருமையாகத்தான் சொன்னார். பிள்ளைக்குச் செய்த பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவன் வெட்டவெளியில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான், இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டு அதை அன்பு என்கிறான். காரெட் கேட்பதைக் கூடவே கேட்டுக்கொண்டிருக்கும் உதவிப் பயிற்சியாளர்களும் கிழவர் கோபத்தில் இருக்கிறார் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது, காரெட் கேட்டுக்கொண்டேயிருப்பதை அவரிடம் போட்டு உடைத்துவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கேட்டான்?" என்றார். அதை என்னிடமா கேட்பது, நீங்கள்தானே அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்றேன். எழுந்துபோய் ஏற்கனவே கூட்டி முடித்த முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, கடைசி ஆட்டத்தில் தான் வாயைத் திறந்தால் அப்பன் வந்து தூக்கிவிட்டான் என்றுதான் ஊர் பேசும், பையனுக்கு அதுவும் கேவலம் என்றார். நான், "என்ன செய்யணும்னு சொல்ல வேண்டாங்க, காதை அவன் பக்கம் திருப்பி, கேட்டுக்கிட்டிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க, நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா அவனே முடிவு பண்ணிக்குவான்" என்றேன். தைலத்தை எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். இன்று விடியுமுன்னே மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார், செய்வாரா மாட்டாரா தெரியாது. காரெட்டிடம் நான் சொல்லவில்லை, நீயும் ஃபோனில் உளறிவிடாதே. இத்தனை மாதம் அப்பா கேட்காத இடத்தில் பேசிக்கொண்டிருந்தோமா என்று அவன் உடைந்துபோவான், சொல்வதானால் அவன் அப்பாதான் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது கெல்சி. வேலை போனால் வேறு ஊர், வேறு வேலை என்று பிழைத்துக்கொள்வார்கள். இதைப் பேசாமலே அப்பா அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டால் அப்புறம் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரையும் நான் எப்படி ஒன்றாக உட்காரவைப்பேன்.

நீ கம்பளிச் சட்டை போட்டுக்கொள், கடல் காற்றென்று அலட்சியமாக இருக்காதே. கர்த்தர் உன் கூடவே இருப்பார், எந்நேரமும் நீ என் ஜெபத்தில் இருக்கிறாய். ஒரே ஒரு வேலை சொல்கிறேன், மறந்துவிடாதே. ஆட்டம் உனக்கு ஞாயிறு விடிவதற்கு முன் வரும், கல்லூரியின் நேரலையைப் போட்டு வை. பந்தைப் பார்க்காதே. மூன்றாவது முயற்சி வரும்போதெல்லாம் அப்பாவின் இடுப்பைப் பார். கை அந்தப் பெட்டிக்குப் போய் சுவிட்சைப் பின்னால் தள்ளுகிறதா என்று பார்த்து எனக்கு உடனே ஃபோனில் ஒரு வரி அனுப்பு. ஜெயித்தோமா தோற்றோமா என்பதை நானே பார்த்துக்கொள்வேன், என் இருக்கையிலிருந்து அவர் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

உன் பதிலுக்காக ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கப்போகும்
அம்மா லொரெய்ன்