நடுவில் நின்ற பானு

வியாழன், இரவு.

இன்றைய உணர்வுப் பாடத்தை நானே கெடுத்தேன்.

ஐந்தாம் தரத்தில் தர்சிகாவும் ஜனனியும் கோவம். குடை உடைந்ததில் இருந்து பேச்சில்லை. ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தந்தபடி இருவரையும் எதிரெதிரே இருத்தி, மனதில் உள்ளதை நேராகச் சொல்லச் சொன்னேன். தர்சிகா பக்கத்தில் இருந்த பானுவிடம் திரும்பினாள்.

"பானு, அவக்கிட்டச் சொல்லுகா, என்ட குடையை அவதான் உடைச்சவ எண்டு."

"பானு வேணாம். அவவையே பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அதோடு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இடைவேளையில் மூவரும் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். நடுவில் பானு.

"நேசமா எண்டு கேளுகா" என்றாள் ஜனனி. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற தர்சிகாவிடம் பானு அதை அப்படியே கேட்டாள்.

"ஓமெண்டு சொல்லு."

கோவம் முடிந்தது.

நானும் ரதியும் இதே ஆரையம்பதியில் இப்படித்தான் படித்தோம். எங்களுக்கு நடுவில் மலர். நாங்கள் ஏசுவது இருவர் காதிலும் விழும். ஆனால் மலர் வாயால் வந்தது மட்டும்தான் கணக்கு. அவள் ஏச்சை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லுவாள்.

ரதி இப்போது வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில். நாங்கள் பேசி வருடக்கணக்காகிறது. ஏன் என்று எழுத இன்று மனமில்லை. நம்பர் போனில் இருக்கிறது. சற்று முன்னும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். பிள்ளைகளை நேராகப் பேசச் சொல்லுகிற ரீச்சர்!

மலர் உயிரோடு இருந்திருந்தால் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நேசமா எண்டு கேளுகா."