ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்

எங்கள் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் இருமல் விட்டதா?

நாளை திறந்தவெளிக் கச்சேரி. நேற்று நாற்காலி போடும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒயர்களையெல்லாம் பெட்டிகள்மேல் தூக்கி வைத்துவிட்டேன். நனைந்தது நான் மட்டும்தான், பயப்படாதே.

"குடுத்து வச்சவரு, தினமும் பாட்டு கேக்கறீங்க" என்கிறாயே! ஜெனரேட்டர் இரைச்சல் மேடைக்குக் கேட்கக் கூடாதென்று மைதானத்தின் கோடியில் வைப்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் நானும் அங்கேதான். கைதட்டல்கூட எட்டாது. போன கச்சேரி முடிந்ததும் மேனேஜர், "நீ இருக்கறதே தெரியலப்பா!" என்று பாராட்டினார்.

இரண்டு ஜோடி காலுறை அனுப்பு. அப்புறம், போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பும்போது பிள்ளைகளை "உஷ்" என்று அடக்காதே. குக்கர் விசில், அவர்கள் சண்டை, உன் திட்டு, எல்லாமே வரட்டும்.

டீசல் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

பிள்ளைகளின் அப்பா