இருபத்து மூன்று கிலோவுக்குள் ஒரு சைக்கிள்

ஜூன் 3, 2025

மழை. ஏல ஹாலில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால் பாதி நாள் சாயா குடித்தே கழிந்தது. போடிக்கார முதலாளி ஒருவருக்கு ஏலத்தில் ஏலக்காய் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தட்டில் சாம்பிள் வரும். ரெண்டு காயை உடைத்து மோந்து பார்த்து, தரையில் போட்டுவிட்டு, விலை கேட்கும் பட்டனை அமுக்க வேண்டும். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது.

சாயங்காலம் என் மனைவி பின்சி போனில் கூப்பிட்டாள். என் விசா வந்துவிட்டதாம். அவள் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய் அஞ்சு வருஷம். இது அவள் கூடவே தங்கிக்கொள்ளலாம் என்கிற விசா. நான் ஊர் பூரா சொல்லி வைத்திருப்பது என்னவோ, “மூணு மாசம் போய்ப் பாத்துட்டு வர்றேன்.” அவளிடமும் அதையேதான் சொன்னேன். “சரி” என்றாள். அந்த ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே கடலை ஒட்டியே ஒரு ரோடு போகிறதாம். சைக்கிளோடு வருகிறேன் என்றேன். “இங்க வாடகைக்கே கெடைக்கும்ங்க.” வாடகை சைக்கிளா! யார் யாரோ உட்கார்ந்து தேய்த்த சீட்டில் நானா?

என் பெரிய சைக்கிளைப் பிளேனில் ஏற்றுவது பெரிய ரோதனை. ஆக, மடக்கு சைக்கிள். மலை ஏறணும், வேகமா ஓடணும், கழற்றிப் போட்டால் பெட்டிக்குள் அடங்கணும், பெட்டியோடு சேர்த்து இருபத்து மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு நிபந்தனை போடவில்லை.

ஜூன் 9

ஒரு வாரமாக நெட்டிலேயே குடியிருக்கிறேன். மடக்கு சைக்கிள்காரர்களில் ரெண்டு சபை. சக்கரம் பதினாறு இஞ்ச் என்றால்தான் மோட்சம், அப்படியே பெட்டிக்குள் போகும் என்கிறது ஒன்று. இருபது இஞ்ச்தான் சத்தியம், அதில்தான் நிஜமாகவே ஓட்ட முடியும் என்கிறது இன்னொன்று. இருபதை வாங்கினால் பெட்டியில் வைக்கச் சக்கரத்தைக் கழற்றணுமாம். ஞானஸ்நானத்துக்குத் தலையில் தெளித்தால் போதுமா, முக்கி எடுக்கணுமா என்று எங்கள் ஊரில் அடித்துக்கொள்கிறார்களே, அதைவிட மோசம்.

ஜூன் 10

முடிவு பண்ணியாச்சு. இருபது இஞ்ச்.

ஜூன் 11

இல்லை. பதினாறு.

ஜூன் 21

கொச்சிக்குப் போனேன். கடைக்காரன் ஜோமோன் நல்ல பையன். அவன் மடக்கினால் சைக்கிள் நாய்க்குட்டி மாதிரி காலடியில் சுருண்டுகொள்கிறது. நான் மடக்கினேன், விரல் மாட்டிக்கொண்டது. “ஒண்ணும் ஆகல சேட்டா, எல்லார்க்கும் முதல்ல மாட்டும்” என்று ஐஸ் கட்டி எடுத்து வந்தான். ஐஸ் தயாராக வைத்திருக்கிறான் என்றால் பாருங்கள்.

நான் கேட்ட கேள்விகளில் அவன் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. மடக்கும் கீல் நாள்பட்டால் தளருமா? டிஸ்க் பிரேக்கா, சாதாரண பிரேக்கா? சாதாரணம்தான், டிஸ்க் மாதிரி பெட்டிக்குள் நெளிய அதில் ஒன்றுமில்லை என்றான். பெடல், கியர் மாற்றும் கருவி ரெண்டையும் கழற்றித் துணியில் சுற்றி வைக்கணும். எல்லாம் புரிந்தது. “அப்போ எது எடுக்கறீங்க சேட்டா?” என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யாரோ விற்கக் கொடுத்திருந்த இருபது இஞ்ச் ஒன்றை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினான். பஸ்ஸில் கண்டக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பெட்டிக்குள்ள போகும், பிளேன்ல ஏறும் சார் என்றேன். “அப்போ பிளேன்ல போகலாமே” என்றார்.

ஜூன் 22

கம்பம் போய் அங்கிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏற்றினேன். உண்மையைச் சொல்லணும், நன்றாகவே ஏறுகிறது. இறக்கத்தில்தான் ஹாண்டில்பாருக்கு நடுக்கம். குழியில் விழுந்தால் குழி நேராக முதுகுத்தண்டுக்கே வந்து சேருகிறது. மூணாவது வளைவில் காய்கறி லாரி டிரைவர் தலையை நீட்டி, “அண்ணே, அந்தப் புள்ள அழுதுக்கிட்டு இருக்கும், சைக்கிளத் திருப்பிக் குடுத்துருங்க” என்றார். லாரியில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 6

பின்சியின் அம்மா பக்கத்து வீடுதான், மச்சான் குடும்பத்தோடு. பெயர் செபமாலையம்மாள். இன்று அத்தை ரெண்டு கிலோ கருவாடு, மாங்காய் ஊறுகாய், பின்சியின் சிநேகிதிகளுக்கு முறுக்கு டின் என்று கொண்டு வந்து அடுக்கினார்கள்.

“இடமில்ல அத்தை. சைக்கிள் போகணும்.”

“எம் மகளுக்குக் கருவாடு கொண்டு போக எடமில்ல, இரும்பு கொண்டு போக எடமிருக்கு. அவ அதயா மாப்ள கொழம்பு வைப்பா?”

ஒன்றரைக் கிலோ எடை குறைவாக வேண்டும் என்றுதான் நான் விலை கூடின மாடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். “நல்லதாப் போச்சு, அந்த ஒன்றரைக் கிலோவுல ஊறுகா வைங்க” என்று டின்னை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜூலை 18

ஏல ஹாலில் எனக்குப் பக்கத்து சீட் பாண்டித்துரை. “பதினெட்டு மூட்டைக் காய கண்ணு சிமிட்டுறதுக்குள்ள எடுக்குற. ஒரு சைக்கிள எடுக்க ஆடியும் பொறந்துருச்சு. அப்படி என்னடா கொழப்பம்?” என்றான்.

பல்சக்கரத்தில் பல்லின் எண்ணிக்கை, கியர் விகிதம் என்று விளக்கினேன். கொட்டாவி விட்டான்.

ஜூலை 27

பின்சி இப்பத்தான் போனை வச்சா.

நான் பாட்டுக்குப் பெட்டி அளவ சொல்லிக்கிட்டு இருந்தேன். நடுவுல நிறுத்தி, “ஏங்க, மடக்கு சைக்கிள் எதுக்கு?”ன்னா.

“பிளேன்ல கொண்டு வரத்தான்.”

“கொண்டு வரவா, திருப்பிக் கொண்டு போகவா? இங்கயே இருக்கப்போற மனுஷன் இங்க ஒரு சைக்கிள வாங்கிட்டுப் போவாரு. ரெண்டு மாசமா கிலோவும் இஞ்சும் சொல்றீங்க. நான் நைட் டூட்டியா, பகல் டூட்டியான்னு ஒரு நாள் கேட்டீங்களா? மூணு மாசம் சுத்திப் பாத்துட்டுப் போக நான் என்ன மூணாறா?”

அளவு எழுதின சீட்ட மடிச்சு பாக்கெட்ல வச்சேன்.

“அஞ்சு வருஷமா காய் எடுப்பு முடியட்டும், காய் எடுப்பு முடியட்டும்னீங்க. வர்றதா இருந்தா வாங்க. பாக்க வர்றதா இருந்தா வேணாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்ல நின்னு அழ முடியாது.”

வச்சுட்டா.

என்ன பேச்சு பேசிட்டா! மூணாறாம்! தொரைசாணி மாதிரி — இல்ல, திட்டி என்ன ஆகப்போகுது. அவ சொன்னது சரிதான். எனக்குப் பயம். இங்க நான் ரிஜின். ‘ரிஜின் இன்னைக்கு என்ன வெலைக்கு எடுத்தான்’னு நாலு பேர் கேப்பாங்க. அங்க யாரு? பின்சியோட புருஷன். அவ வேலைக்குப் போனதும் பாத்திரம் கழுவிட்டு ஜன்னல் வழியா மழையப் பாக்குறவன். திரும்பி ஓடி வரத் தோதாத்தான் சைக்கிள மடக்கி வைக்கப் பாத்தேனோ? கேவலம்.

ஆனா அவ இல்லாத இந்த வீடும் ஒண்ணும் கொழிக்கல.

ஜூலை 28

ஏலத்தில் ஒரு லாட் காயைத் தப்பான விலைக்கு எடுத்துவிட்டேன். பாண்டித்துரை கிண்டல் பண்ணவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 2

பின்சியைக் கூப்பிட்டேன். “நைட் டூட்டியா?” என்றேன். “பகல்” என்றாள். அப்புறம், “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“வர்றேன். இருக்கத்தான் வர்றேன். அங்க வேல எதுவும் கெடைக்காம உன்ன நச்சரிச்சா திட்டாத.”

“திட்டுவேன்” என்றாள்.

ஆகஸ்ட் 16

போடி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். என் சீட்டுக்கு இனி அவர் மருமகன் வருவார். காயை மோந்து பார்க்கச் சொன்னால் தும்முகிறார். நல்லா இருக்கட்டும்.

ஜோமோன் கூப்பிட்டான். நான் கேட்ட மாடல், கேட்ட எடை, கேட்ட நிறம், எல்லாம் வந்துவிட்டதாம். மடக்கு சைக்கிள் வேண்டாம் தம்பி என்றேன். வேறு கடையில் எடுத்துவிட்டேனோ என்று அவனுக்குச் சந்தேகம். இல்லை, என் பழைய பெரிய சைக்கிளையே கொண்டு போகிறேன், கூடுதல் சாமானாகக் கட்டணம் கட்டி; திருப்பிக் கொண்டு வரப்போவதில்லையே. “அப்போ என்னால ஏதாவது ஆகணுமா சேட்டா?” என்றான். புது சைக்கிள் வரும் அட்டைப் பெட்டி காலியாக ஒன்று இருந்தால் கொடு என்றேன். ரெண்டு மாசம் அவன் உயிரை எடுத்ததற்கு அவன் கண்ட வியாபாரம் அதுதான். காசு வாங்க மாட்டேன் என்கிறான்.

செப்டம்பர் 14, டப்ளின்

வந்து சேர்ந்தேன். பின்சி மெலிந்திருக்கிறாள், போனில் அது தெரியவில்லை. கிட்ட வந்ததும் ரெண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் சாமான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவள் என் சட்டைக் காலரைச் சரி பண்ணினாள்.

சிநேகிதியின் காரை வாங்கி வந்திருந்தாள். சோப்பு டப்பா சைஸ். சைக்கிள் பெட்டி டிக்கியில் போகவில்லை, பின் சீட்டில் போகவில்லை, கூரையில் கட்டக் கயிறில்லை. பின்சி இடுப்பில் கை வைத்து ரெண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“மடக்கு சைக்கிளா வாங்கியிருக்கக் கூடாதா?” என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பாவி.

கார் நிறுத்தும் இடத்திலேயே பிரித்து மாட்டினேன். தூறல். அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள், நான் சக்கரத்தைப் பூட்டினேன். வீடு பக்கம்தானாம். கார் மெதுவாக முன்னால் போகும், நான் பின்னாலேயே மிதித்து வரவேண்டும் என்று ஏற்பாடு.

பெட்டி மிச்சம். “மடிச்சு வீட்ல வச்சுக்கலாமா? எப்பவாவது திரும்ப...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஓரமாக அட்டைக் குப்பை போடும் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. பெட்டியைக் காலால் மிதித்துக் கிழித்தேன். மழையில் நனைந்து நல்ல கனம். ஒரு முனையை நான் தூக்கினேன், மறு முனையை அவள் பிடித்தாள்.