ஒட்டாத தலைக்கவசம்

மார்ச் 3

அன்புள்ள மைத்துனருக்கு,

1. இதை எழுதுபவன் உங்கள் அக்காவின் கணவன். உங்கள் தலைக்கவசத் தொழிற்சாலையின் சட்ட ஆலோசகன். அங்கே வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் தகப்பன். மூன்று நாற்காலியிலும் நான் ஒருவனே உட்கார்ந்திருப்பதால், எந்த வாக்கியம் எந்த நாற்காலியிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. பொறுத்தருள்க.

2. இங்கு யாவரும் நலம். நீங்கள் அனுப்பிய கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் அக்கா சைக்கிளில் நூலகத்துக்கு வேலைக்குப் போகிறாள். "என் தம்பி செஞ்சதாக்கும்" என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் தலையைக் காட்டியாயிற்று. கூடவே ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் அவள் குறை.

3. இனி விஷயம். நேற்று மகள் தொழிற்சாலையிலிருந்து ஒரு கவசத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தட்டைத் தொடவில்லை. "பிரிச்சுப் பாருங்கப்பா" என்றாள். உறை பிரிக்கும் கத்தியால் உள்ளடுக்கை ஓர் ஓரத்தில் மட்டும் நெம்பினேன். பசை சளியைப் போல இழுபட்டு வந்தது. வேறு உவமை தேடினேன், கிடைக்கவில்லை. அந்த வாடை இன்னும் விரலில் இருக்கிறது.

அந்த அடுக்கின் வேலையை எனக்கு விளக்கியவள் அவள்தான். "ரோட்டுல யாரும் மூட்டை மாதிரி நேரா விழறதில்லப்பா. சாஞ்சு விழறோம். தரை ஹெல்மெட்டைப் பிடிச்சுத் திருகுது. தலை திரும்பிடுது, உள்ள இருக்கிற மூளை பின்தங்கிடுது. அங்கதான் கிழியுது." கவசம் திரும்பினாலும் தலை அந்த வேகத்தில் திரும்பாதபடி, இடையில் வழுக்கிக் கொடுப்பதற்கென்றே அவள் அந்த அடுக்கை வைத்தாள். அதை ஒட்டிவிட்டால் அது இருந்தும் இல்லை.

ஒட்டச் சொன்னது யார்? புது லேபிளில் "வழுக்கும் அடுக்கு" என்பதை "வழுக்கும் தன்மையுள்ள அடுக்கு" என மாற்றி என் ஒப்புதலுக்கு அனுப்பியது ஏன்? உங்கள் அக்காவின் தலையில் இருப்பதும் ஒட்டியதுதானா? அதை இன்னும் நான் தொட்டுப் பார்க்கவில்லை. உங்கள் பதிலுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

கும்பிடறேன். உங்க லெட்டரைப் படிச்சதும் கோர்ட்டுல கூண்டுல ஏறின மாதிரி இருந்துச்சு. வீட்டு மனுஷனுக்கு யாராவது நம்பர் போட்டு எழுதுவாங்களா?

ஒட்டச் சொன்னது நான்தான். முதல்ல ஒட்டாமத்தான் கடைக்கு அனுப்பினோம். அத்தனையும் திரும்பி வந்துச்சு. கையில எடுத்தா உள்ள ஆடுதாம், லூஸா இருக்காம். ஆடுற பல்லை யார் அத்தான் காசு குடுத்து வாங்குவாங்க? நாலு பொட்டு பசை வெச்சேன், ஆட்டம் நின்னுச்சு. அரசாங்க சோதனைல நேரா மேலேருந்துதான் போடறாங்க. அதுல ஒட்டினதும் பாஸ், ஒட்டாததும் பாஸ். சட்டத்துக்கு அது போதும்னா, உங்களுக்குப் போதாதா?

லேபிள் வார்த்தை உங்க பாஷைதானே! அந்த ஷீட்டுக்கு வழுக்கற தன்மை இருக்கு. இல்லேன்னு யாராவது சொல்ல முடியுமா? வழுக்கறதைப் பத்தி உங்க தலையை விட யாருக்கு நல்லாத் தெரியும்? சும்மா சொன்னேன், கோச்சுக்காதீங்க.

பாப்பாகிட்ட நீங்கதான் பேசணும். வடிவமைச்சவங்க கையெழுத்து இல்லாம லாட்டு வெளிய போகாது. நான் தூக்கி வளர்த்த பொண்ணு, என் மேசையில ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுட்டு, "மாமா, இதுல உங்க கையெழுத்தைப் போடுங்க"ன்னு கேட்டுட்டுப் போறா. ஃபோர்மேன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறான்.

அக்கா ஹெல்மெட்டைப் பத்திக் கவலையே வேண்டாம். திரும்பி வந்த லாட்டுலேருந்து ஒட்டறதுக்கு முன்னாடியே நானே பொறுக்கி எடுத்து வெச்சது. ஒரு சொட்டு பசை கிடையாது. அக்கா தலைக்குப் போய் அதை அனுப்புவேனா?

உங்கள்
மாப்பிள்ளை

மார்ச் 14

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போலச் சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசித்தேன். வழுக்கை வரியில் உங்கள் அக்கா சிரித்தாள். கடைசிப் பத்தியில் சிரிப்பு நின்றது. "அந்த வரியைத் திரும்பப் படிங்க" என்றாள். படித்தேன்.

இத்தனை காலமும் உங்களுக்காக என்னிடம் வாதாடியவள் அவள். "அவனுக்குத் தெரியாமப் பண்ணியிருப்பான்" என்பதுதான் அவள் கட்சி. அந்தக் கட்சியை நீங்களே ஒரே வரியில் தோற்கடித்துவிட்டீர்கள். தெரியாதவன் பொறுக்கி எடுத்து வைப்பானா?

பிறகு எழுந்து போய் இரண்டு கவசங்களையும் கொண்டுவந்தாள். நீங்கள் அனுப்பியதைப் போட்டுக்கொண்டு மகளைத் திருகச் சொன்னாள். கவசம் விரலளவு வழுக்கியது. முகம் என்னைப் பார்த்தபடியே இருந்தது. அடுத்து ஒட்டியதைப் போட்டுக்கொண்டாள். மகள் மெதுவாகத்தான் திருகினாள். என் மனைவியின் முகம் கவசத்தோடு சேர்ந்து சுவர்ப்பக்கம் போயிற்று. அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் தலைக்கு ஒண்ணு, ஊரார் தலைக்கு ஒண்ணா? த்தூ."

வழக்கறிஞன் என்ற முறையில் நான் இவ்வளவு சுருக்கமாக வாதிட்டதில்லை.

பசையில் புதைத்த அடுக்குக்கு வழுக்கும் தன்மை உண்டு என்பது, கட்டிப்போட்ட நாய்க்கு ஓடும் தன்மை உண்டு என்பது போலத்தான். வாக்கியம் பொய்யல்ல, அதனால்தான் அருவருப்பாக இருக்கிறது. பொய்யாக இருந்தால் கண்டிக்கலாம். இதைக் கையால் தொடவே கூசுகிறது. லேபிளை ஒப்புதலின்றித் திருப்பி அனுப்புகிறேன். ஆலோசகர் பொறுப்பிலிருந்து இன்றே விலகுகிறேன். மகள் கையெழுத்திட மாட்டாள்; நான் பேசவில்லை, பேசப் போவதுமில்லை.

ஆலோசகனாக அறிந்த எதையும் நான் வெளியே சொல்ல மாட்டேன். அது தொழில் தர்மம். ஆனால் நீங்கள் கொடுத்த கவசம் உங்கள் அக்காவின் சொத்து. அதே மாதிரி இன்னொன்றை இன்று காலை கடைத்தெருவில் வாங்கி வந்து நெம்பிப் பார்த்தாள். மகளின் கையெழுத்தில்லாமலே சரக்கு போய்விட்டதென்று அப்போதுதான் தெரிந்தது. நாளை இரண்டையும் சோதனை நிலையத்துக்கு எடுத்துப் போய், சாய்த்துப் போட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறாள். தடுக்க எனக்குச் சட்டமும் இல்லை, மனமும் இல்லை. அதற்கு முன் கடைகளிலிருந்து நீங்களே திரும்பப் பெற்றால், அதையும் அவளே அங்கு சொல்லுவாள்.

"அவனுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்ல, உறவுமில்லன்னு எழுதுங்க" என்றாள். உறவு ஒரு கடிதத்தால் ரத்தாவதில்லை என்று நான் எழுத மறுத்தேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, சாட்சின்னு போட்டு என் கையெழுத்தையாவது வாங்குங்க" என்றாள்.

அவ்வாறே,

(ஒப்பம்)
முன்னாள் சட்ட ஆலோசகன்

சாட்சிகள்:
1. ஒட்டாத கவசம் பெற்றவள், உங்கள் அக்கா
2. அதை வடிவமைத்தவள், உங்கள் பாப்பா