ஒன்பது பூஜ்ஜியங்கள்

செப்டம்பர் 24

அன்புத் தங்கச்சி ஜோலீனுக்கு,

இங்கே நலம். மினியாபொலிஸில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாய். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் பள்ளியின் காட்டரிசி அறுவடை வகுப்பைப் பற்றிய உன் மதிப்பீட்டு அறிக்கையைப் படித்தேன். ஏரியில் ஓடம் தள்ளினார்கள், தானாக விளைந்த கதிரை ஓடத்துக்குள் தட்டினார்கள் என்று அழகாக எழுதிவிட்டு, ‘பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது பேர் வீட்டுக்குக் கொண்டுபோனது பூஜ்ஜியம்; வகுப்பால் பலனில்லை’ என்று முடித்திருக்கிறாய். அடி பைத்தியமே! அந்த ஒன்பது பேருக்கும் இது முதல் அறுவடை. ஏரியில் முதன்முதலாக எடுத்த அரிசியை நம் ஓஜிப்வே பழங்குடிப் பிள்ளை வீட்டுக்கா கொண்டுபோகும்? முடியாத பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு வந்தார்கள். அறிக்கை இப்படியே வகுப்புக்குப் பணம் தரும் அறக்கட்டளைக்குப் போனால் அடுத்த வருடம் வகுப்பு கிடையாது. திருத்து.

உன் அக்கா,
வெர்னா

செப்டம்பர் 29

அன்பு அக்கா,

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ‘எத்தனை பவுண்டு?’ என்று படிவத்தில் கேட்டவள் நான்தான். படிவம் போட்டுப் போட்டுப் புத்தி மழுங்கிவிட்டது. ஆனால் எண்ணை மாற்ற மாட்டேன். அக்காவுக்காகத் தங்கை மாற்றினாள் என்பார்கள்.

பிள்ளைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உன் வகுப்பு ரமோனா மட்டும், “கொடுத்ததை யாராச்சும் சொல்லிக் காட்டுவாங்களா? உங்க அக்கா உங்களுக்கு இதுகூடச் சொல்லித் தரலையா?” என்றாள். பன்னிரண்டு வயதுக்கு என்ன வாய்!

கொடுத்தவர்கள் சொல்ல மாட்டார்கள், சரி. வாங்கியவர்கள் சொல்லலாம் அல்லவா? சனிக்கிழமை வருகிறேன். வீடு வீடாகப் போவோம். காப்பி மட்டும் நீ போடாதே.

உன்,
ஜோலீன்

அக்டோபர் 21

அன்பு அக்கா,

மூன்று வருடத்துக்கு வகுப்பு உண்டு! கேட்டதும் அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன்.

பூஜ்ஜியங்களை அப்படியே விட்டு, பக்கத்தில் நாம் வீடுகளில் கேட்டதை எழுதினேன். “மூணு வருஷம் கழிச்சு நம்ம ஏரி அரிசி சாப்பிட்டேன். யாருன்னு பாக்குறதுக்குள்ள வாசல்ல வச்சுட்டு ஓடிருச்சு அந்தப் பொண்ணு” என்று டயாலிசிஸுக்குப் போகும் கிளிஃபோர்ட் மாமா சொன்னதுதான் முதல் வரி.

அறக்கட்டளை அம்மாளே தொலைபேசியில் கூப்பிட்டார். “ரொம்ப நல்ல வகுப்பு. ஆனா அஞ்சு பிள்ளைங்க மட்டும் அரிசிய வீட்டுக்கே கொண்டுபோயிட்டாங்களே, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணுமோ?” என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

“அவங்களுக்கு இது ரெண்டாவது வருஷம், மேடம்,” என்றேன். “அவங்களும் சாப்பிடணும்ல?”

உன் தங்கை,
ஜோலீன்