வேன் கூலியை யார் பெயரில் எழுதுவது

நமுனுகுல,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் விதுஷாவுக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் உன்னோடு ஆடுகிற பிள்ளைகளும் முதுகு, கால் ஒன்றும் நோகாமல் நல்லபடி இருக்க வேண்டும் என்று விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லேன் என்றார் அப்பா. போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், அதற்குள் உனக்குக் கொழும்பில் யாராவது கதவைத் தட்டுவார்கள், அதனால் கடிதம்தான். இங்கே ஒரு கிழமையாக மழை விடவில்லை, பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் சுற்றிப் போகிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன், குடிக்கும்போது முகத்தைச் சுளிப்பதில் மட்டும் குறைவில்லை.

நீ படம் எடுத்து அனுப்பிய, நம் ஊவாப் பக்கத்து ஆட்டப் பயணக் கணக்கைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கூட்டல் எல்லாம் சரி. ஆடுகிற பிள்ளைகளின் மாதச் சம்பளத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில்தான் மற்றச் செலவை எழுதியிருக்கிறாய், அதைக் கண்டதும் மனம் நிறைந்தது. கொழும்பில் டிக்கெட்டைக் கூட்டித் தோட்டத்துப் பக்கம் இறக்கியதும் நல்லது, சும்மா காட்டாமல் ஏதோ கொஞ்சமாவது வாங்கு என்று நானே சொல்ல இருந்தேன். ஆனால் கடைசியில், சக்கர நாற்காலி ஏறுகிற வேனின் கூலியை, அந்த நாற்காலியில் உங்களோடு ஆடுகிற இனாயா பெயரில் எழுதி அதன்மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறாய். இந்த முறை அவள் கொழும்பிலேயே நிற்கட்டும், நாங்கள் பஸ்ஸில் வந்தால்தான் கட்டுப்படியாகும், இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் குழுவையே மூட வேண்டி வரும் என்று கீழே எழுதியிருக்கிறாய். அதை எழுதும்போது உன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணு. உனக்கு மனக்கஷ்டம் வந்தால் எழுத்து சாய்ந்துவிடும், அந்த வரி அப்படித்தான் சாய்ந்து கிடக்கிறது.

போன திருவிழாவுக்கு நீங்கள் வந்தபோது கீழே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது, நீ மேலே கோயில் மண்டபத்தில் லைட் கட்டிக்கொண்டிருந்தாய். இனாயாவின் நாற்காலி கோயில் படிகளில் ஏறாது என்று கண்டதும் நம் தோட்டத் தலைவர் கிருஷ்ணராஜ் அண்ணன் பொடியன்களைக் கூப்பிட்டு, அம்மனைத் தூக்குகிற வாரைத் தடியையே எடுத்து வந்து கயிறும் கட்டிவிட்டார். அவர் மனதில் அது பெரிய மரியாதை. இவளோ சிரித்துக்கொண்டே, "என்னைத் தூக்கிட்டுப் போக நான் என்ன சாமியா அண்ணன், உங்க சாமியே வருஷத்துல ஒரு நாள் கீழ இறங்கி வருதாமே, அது வந்து நிக்கிற இடத்திலேயே ஆடுறேனே" என்றாள். அவருக்கு முகம் கறுத்துப் போனது. "இம்புட்டு தோள் சும்மா நிக்குதும்மா" என்று முணுமுணுத்தார். ஆனாலும் வாரையைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டார். அப்படித்தான் உங்கள் ஆட்டம், விடியக்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்தது. லைட் வீண், வாடகை நஷ்டம் என்று நீ புறப்படும் வரை உம்மென்று இருந்தாய்.

நீ ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் முன் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த லயத்து வீட்டுக் கருப்பம்மா அக்கா முழங்கால் போன பிறகு கோயில் படி ஏறியதே இல்லை, திருவிழாவுக்குத் தன் வீட்டு வாசலில் நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்பாள். அவள் நாற்காலி போட்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் போல மலையில் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்து முட்டி தேய்ந்தவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றி இருந்தார்கள். மேலே மண்டபத்தில் நடந்திருந்தால் இவர்களில் ஒருவரும் வந்திருக்க முடியாது. எனக்கு உங்கள் ஆட்டம் பாதிதான் விளங்கும், பொய் சொல்ல மாட்டேன். கருப்பம்மா அக்காவும், "மத்த புள்ளைங்க எதுக்குடி விழுந்து விழுந்து எந்திரிக்குதுங்க, சோறு பத்தலையா" என்று என் காதைக் கடித்தாள். ஆனால் இனாயா சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே நிறுத்தியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடைய இறக்கி வச்ச மாதிரி இருக்குடி" என்றாள். இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை கோயில் கூட்டத்தில் கிருஷ்ணராஜ் அண்ணனே எழுந்து, கோயில் பணம் சம்பளத்தில் பிடிக்கிற மாதிரி இந்த ஆட்டத்துக்கும் மாதம் கொஞ்சம் பிடித்தால் என்ன, தோட்டத்தின் கீழ் டிவிஷனையும் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை, வருஷா வருஷம் வரச் சொல்லலாம் என்றார். நம் ஆட்கள் உடனே சரி சொல்வார்களா, ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். பெயர் எழுதுகிற வேலை என்னிடம். சனம் நிறைய, வீட்டுக்குக் கொஞ்சம் என்றாலும் மாதா மாதம் தவறாமல் வரும், அது வேன் கூலிக்குப் போதும், மிஞ்சவும் செய்யும். இந்தச் செய்தியை உனக்கு எழுதலாம் என்று இருந்தபோதுதான் உன் கணக்கு வந்தது. இனாயா வரமாட்டாள் என்று அவர்களிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. பெரட்டுக் களத்து ஓரம் கல் படி இருந்த இடத்தில் சிமெந்தில் சரிவு போட்டுவிட்டார் கிருஷ்ணராஜ் அண்ணன். இனாயாவுக்காகப் போட்டது. அதில் இப்போது தினமும் இறங்கிப் போகிறவள் கருப்பம்மா அக்கா. நீ இனாயா இல்லாமல் வந்து இறங்கினால் அந்த இடத்தில் நான் எப்படி நிற்பேன், நீ எப்படி நிற்பாய்?

அதனால் கண்ணு, அந்தக் கூலியை இனாயா பெயரில் எழுதாதே. வேனில் அவள் மட்டுமா வருகிறாள், உன் ஸ்பீக்கரும் உடுப்புப் பெட்டியும் வரவில்லையா? அவளால்தான் முன் வரிசையே வந்தது, அந்த வரிசைதான் இப்போது பணம் கட்டப் போகிறது. பொதுச் செலவில் எழுது, பிறகு கூட்டிப் பார். அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு ஊரைக் குறைத்துக்கொள், ஆளைக் குறைக்காதே. கடன் மட்டும் வாங்காதே. இனாயாவிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாய் என்றால் நீயே நேரில் போய், "நீயும் வா" என்று சொல், போனில் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு ஆடப் போகாதே, செவ்வாய்க்கிழமை மறக்காமல் விளக்கு வை. உன்னையும் உன்னை நம்பி ஆடுகிற பிள்ளைகளையும் அம்மன் தன் மடியில் வைத்துக் காப்பாற்றட்டும். சம்பள நாளுக்கு முன்னால் பெயர்களைத் தோட்ட ஆபீசில் கொடுக்க வேண்டும், அதற்குள் உன் பதில் வரட்டும். திருவிழா முடிந்த மறுநாள் கோழிக்கு அப்பா பசறை இப்றாஹீம் கடையில் இப்போதே சொல்லி வைத்துவிட்டார், அந்தக் கடை என்றால்தான் இனாயாவும் நம்மோடு சேர்ந்து சாப்பிடுவாளாம்.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா தெய்வானை