நாட்செஸ் நகரத்துப் பெரிய அதிகாரி

என் அக்கா மகளுக்கு,

நீ வாங்கித் தந்த வேலையில் மாமா கொடிகட்டிப் பறக்கிறேன். இந்த அமெரிக்க ஊரில் நான் குடியிருக்கும் வீட்டில் பழைய உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒரு ஜெனரல் தூங்கினார் என்று வாசலில் பலகை இருக்கிறது. சுற்றுலாக்காரர்களிடம் நான் மூன்று ஜெனரல் என்பேன். அதே அறையில் கணினியை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்காக ஊர் உலகத்துக்கே போனில் பதில் சொல்கிறேன்.

போன மாதம் இமோஜீன் என்ற அம்மாள் கூப்பிட்டாள். கணவர் லாமாருக்கு இதய ஆபரேஷனாம். திரையில் பார்த்தால் முகவரி என் பக்கத்துத் தெரு! எனக்கு வாய் நிற்குமா?

"டாக்டர் கடுதாசியெல்லாம் வேணாம்மா. நான்தான் இங்க பெரிய அதிகாரி. அனுமதி குடுத்தாச்சு, நிம்மதியா தூங்குங்க."

டாக்டர் கடுதாசி இல்லையென்று கம்பெனி பணம் தர மறுத்தது; ஆபரேஷன் நடக்கவில்லை. லாமாருக்கு ஆயுசு அவ்வளவுதான்.

துக்கம் கேட்க, இந்த ஊர் வழக்கப்படி ஹாம் என்கிற பன்றிக்கறி வாங்கிக்கொண்டு போனேன். "பக்கத்துத் தெரு" என்றேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"உங்க குரல எங்கயோ கேட்டிருக்கேனே?"

தொண்டை கட்டியிருப்பதாக ஜாடை காட்டினேன்.

"கடுதாசி வேணாம்னு ஒரு அதிகாரி சொன்னாருங்க. அப்படி ஆளே இல்லன்னு கம்பெனில சாதிக்கிறாங்க. தங்கமான மனுஷன். எங்க இருக்காருன்னு தெரிஞ்சா, எனக்காக வந்து சாட்சி சொல்லுவாரு."

ஞாயிறுதோறும் சர்ச்சில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறேன். நீ கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. இந்தப் பழைய ஜன்னல்கள் வழியே பேச்சு தெருவரை கேட்கிறது. வேறு குறையில்லை. அளந்து பேசும் மனிதர் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

இப்படிக்கு,
உன் மாமா